பின் வரிசைப் பிள்ளை



பட்டணத்துக்குப் போகும் சாலையில், கடைவீதி தொடங்கும் இடத்தில், ஒரு கம்பத்தின் மேல் வட்டமான பலகை ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்து. அதன் இரு பக்கமும் இரண்டு சிங்க முகங்கள். ஒன்று இந்தப் பக்கம் பார்க்கும். மற்றொன்று அந்தப் பக்கம் பார்க்கும். ஒருமுறை பள்ளிச் சுற்றுலா போனபோது, “சார், இங்கே மிருகக்காட்சிசாலை இருக்கா?” என்று ஒரு மாணவி பேருந்திலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். பேருந்தே சிரித்தது.

மிருகக்காட்சிசாலை இல்லை, அது லயன்ஸ் சங்கத்தின் சின்னம். ஒரு சிங்கம் நடந்து முடிந்த காலத்தைப் பார்க்கிறது, மற்றொன்று வரப்போகும் காலத்தைப் பார்க்கிறது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

அந்தச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சென்ற ஆண்டு நான் சிறப்புப் பேச்சாளராகப் போய்ப் பேசினேன். இதுவரை இந்தப் பகுதியில் அதைப் பற்றி எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. ஏன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

அழைப்புக் கடிதம் பள்ளிக்குத்தான் வந்தது. தோட்டப் பள்ளியின் நிலைமை பற்றி ஓர் ஆசிரியர் வந்து பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, “நீங்களே போய்விட்டு வாருங்கள் சார். போகிறபோது ஒரு பட்டியலையும் எடுத்துப் போங்கள்” என்றார். பட்டியலை இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். மின்விசிறி ஆறு. குடிதண்ணீர் வடிகட்டி ஒன்று. திடலுக்குக் கோல் கம்பம் இரண்டு. வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் புத்தகப் பை. கேட்கத் தொடங்கினால் நம் பள்ளிகளுக்குக் குறைவா என்ன?

எனக்கோ பயம். பட்டணத்துப் பெரிய மனிதர்கள் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை. வீட்டில் சொன்னபோது என் மனைவி, “தினமும் இருபத்தெட்டுப் பிள்ளைங்க முன்னால பேசறீங்க. அங்க உட்கார்ந்திருக்கிறவங்களும் ஒரு காலத்துல பிள்ளைங்கதானே? சட்டைய மட்டும் இன்னிக்கே தேய்ச்சு வைக்கிறேன்” என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது!

ஒரு புதன்கிழமை மாலை. எங்கள் தோட்டத்திலிருந்து பட்டணம் பதினான்கு கிலோமீட்டர். பழையவர்கள் கணக்கில் ஒன்பது கட்டை. ஒரு சீனர் உணவுக்கடையின் மாடியில் கூட்டம். இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். இரும்புக்கடைத் தவுக்கே, பல் மருத்துவர், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், நம்மவரான ஒரு வழக்கறிஞர், ஓய்வுபெற்ற மலாய்த் தலைமையாசிரியர் ஒருவர், சீக்கிய டாக்டர் ஒருவர். தலைமை வகித்தவர் மருந்துக்கடை நடத்தும் ஒரு சீன அம்மையார். இந்தச் சங்கத்தில் பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1987-ஆம் ஆண்டில்தான் என்று பின்னர் தெரிந்துகொண்டேன்.

தலைவர் சிறிய மணித் தட்டை அடித்தார். எல்லாரும் எழுந்து நெகாராகூ பாடினோம். அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ‘வால் முறுக்குபவர்’ என்று ஒரு பதவி அவர்களிடம் உண்டு. கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருப்பது அவர் வேலை. அதற்காக உறுப்பினர்களுக்கு அபராதம் போடுவார். அன்றைக்குக் கூட்டம் மூன்று நிமிடம் தாமதமாகத் தொடங்கியது என்று தலைவருக்கே இரண்டு வெள்ளி. சின்னம் குத்திக்கொள்ளாமல் வந்த பல் மருத்துவருக்கு இரண்டு வெள்ளி. இரும்புக்கடைத் தவுக்கேக்குப் பேரன் பிறந்திருந்தான்; அதை மறைத்த குற்றத்துக்குப் பத்து வெள்ளி! யாரும் மறுக்கக் கூடாது. அந்த மனிதருக்கே அபராதம் போட வேண்டுமானால், வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டுமாம். அன்று அத்தனை கைகளும் உயர்ந்தன. அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு வெள்ளியை உண்டியலில் போட்டார்.

நம் தோட்டத்துக் கோயில் கூட்டங்களிலும் இப்படி ஒரு வால் முறுக்குபவர் இருந்தால், பாதிச் சண்டை குறையும் என்று எனக்குத் தோன்றியது. நிற்க.

சாப்பாட்டின்போது என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அந்த மலாய்த் தலைமையாசிரியர். என் பதற்றத்தைக் கண்டுகொண்டார் போலும். “சிகு, பயப்படாதீர்கள். எங்கள் சங்கத்தின் பெரிய வேலை ஒன்று உங்களைப் போல் வந்து பேசிய ஒரு விருந்தாளியால் தொடங்கியதுதான்” என்று சொல்லி, அந்தக் கதையை மலாயில் சொன்னார். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

1917-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் மெல்வின் ஜோன்ஸ் என்றொருவர் காப்புறுதித் தொழில் செய்துவந்தார். அங்கே வணிகர்கள் கூடிச் சாப்பிட்டு, தத்தம் தொழில் பெருகுவதற்கான வழி பேசும் சங்கங்கள் இருந்தன. இத்தனை திறமைசாலிகள் கூடுகிறோமே, ஊருக்கும் ஏதாவது செய்யக் கூடாதா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து லயன்ஸ் சங்கம் பிறந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1925 ஜூன் 30-ஆம் நாள், ஓஹாயோ மாநிலத்தில் நடந்த அவர்களுடைய மாநாட்டுக்கு ஓர் அம்மையார் பேச வந்தார். அவர்தான் ஹெலன் கெல்லர். பிறந்த பத்தொன்பதாம் மாதத்தில் வந்த நோயால் பார்வையையும் செவியையும் இழந்தவர். ஏழு வயது நிரம்புவதற்குள் ஆனி சல்லிவன் என்னும் இளம் ஆசிரியை 1887-ஆம் ஆண்டு அவர் வீட்டுக்கு வந்தார். அந்த ஆசிரியைக்கும் கண் நோயால் பார்வை குறைவு. அவர் பிள்ளையின் ஒரு கையில் தண்ணீர்க் குழாயின் நீரைப் பாயவிட்டு, மறு கையில் ‘தண்ணீர்’ என்ற சொல்லை விரலால் எழுத்தெழுத்தாக உணர்த்தினார். உலகத்தில் பொருள்களுக்குப் பெயர் உண்டு என்பது அன்றுதான் அந்தப் பிள்ளைக்கு விளங்கியது. பின்னாளில் அவர் பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றார்.

அப்படிப்பட்டவர் அந்த மாநாட்டில் தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. பார்வையற்றவர்களுக்காக, இருளை எதிர்த்துப் போராடும் வீரர்களாக நீங்கள் புறப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அன்று முதல் கண் சம்பந்தமான தொண்டு அந்தச் சங்கத்தின் முதன்மையான வேலைகளில் ஒன்றாகிவிட்டது. 1930-ஆம் ஆண்டு பியோரியா என்னும் ஊரில், பார்வையற்ற ஒருவர் கறுப்புக் கைத்தடியோடு சாலையைக் கடக்க முடியாமல் தவிப்பதை, அவ்வூர் லயன்ஸ் தலைவர் ஜார்ஜ் பான்ஹம் பார்த்தார். கறுப்புத் தடி வண்டியோட்டிகளின் கண்ணில் படவில்லை. தடிக்கு வெள்ளைச் சாயம் பூசி, சிவப்புப் பட்டை போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை மற்ற ஊர்ச் சங்கங்களும் எடுத்துக்கொண்டன.

“அந்த அம்மையார் வந்து சொல்லாவிட்டால், எங்கள் ஆட்களுக்கு அது தோன்றியிருக்குமோ என்னவோ!” என்று மலாய் ஆசிரியர் முடித்தார்.

வாசகர்களே, எனக்குச் சோறு இறங்கவில்லை. சட்டைப் பையில் இருந்த மின்விசிறிப் பட்டியல் உறுத்தியது. கண் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பையனின் முகம் வந்து நின்றுவிட்டது. என்னை மேடைக்கு அழைத்தபோது, எழுதி வைத்திருந்த பேச்சை நான் எடுக்கவே இல்லை. அந்தப் பையனின் கதையைத்தான் சொன்னேன். அதை இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

அவன் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன். வயதுக்கு மீறிய உயரம். இரண்டாம் ஆண்டின் நடுவிலிருந்து படிப்பில் பின்தங்கினான். கரும்பலகையில் எழுதியதைத் தப்பும் தவறுமாக எழுதுவான். 3 என்று எழுதிப் போட்டால் 8 என்று எழுதி வருவான். றகரத்துக்கு நகரம் வரும். கணக்கு வாயால் கேட்டால் பதில் வரும். பலகையைப் பார்த்துச் செய்யச் சொன்னால் வராது. இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கவனக் குறைவு என்று முடிவு கட்டினேன். உயரமாக இருக்கிறான், மற்றவர்களை மறைக்கிறான் என்று பின் வரிசையில் உட்கார வைத்தேன்.

பின் வரிசையில் அவனுக்குப் பலகை அறவே தெரியவில்லை. தெரியாதவன் பக்கத்துப் பையனின் ஏட்டைப் பார்த்து எழுதினான். பார்த்து எழுதுகிறான் என்று அதற்கும் ஏசினேன். அவன் தந்தையை அழைத்து, “பையன் கவனமே இல்லாமல் இருக்கிறான்” என்று சொன்னேன். அன்றிரவு அவனுக்கு வீட்டில் அடி. மறுநாள் கையில் தடிப்போடு வந்தான். வந்து, நான் காட்டிய அதே பின் வரிசையில் போய் உட்கார்ந்தான். ஒன்றரை ஆண்டு அப்படி உட்கார்ந்தான்.

‘எனக்குக் கண் தெரியவில்லை’ என்று பிள்ளை சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அவனுக்கு எப்படித் தெரியும்? உலகமே அப்படித்தான் மங்கலாக இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்றல்லவா அவன் நினைத்துக்கொண்டிருந்தான்! மங்கலான பலகையைப் பார்த்து மற்றவர்கள் எப்படியோ எழுதிவிடுகிறார்கள், தான் மட்டும் மக்கு என்பதுதான் அவன் கண்டுபிடித்த காரணம்.

முதலாம் ஆண்டில் பள்ளிக்கு வந்த சுகாதாரக் குழுவினர் பார்த்தபோது அவன் கண்ணில் குறை இல்லை. கிட்டப்பார்வை என்பது பிள்ளை வளரும் வயதில் வருவது. கண்ணின் பந்து சற்று நீண்டுவிடும். அதனால் தூரத்துப் பொருளின் உருவம் கண்ணின் உட்திரையில் விழாமல், அதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும்; எட்ட இருப்பது கலங்கும். இதையெல்லாம் நான் பயிற்சிக் கல்லூரியில் படித்தேன். தேர்வில் படம் போட்டு எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். வகுப்பறையில் கண்ணெதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி. அவனுடைய அப்பாயிதான். ஒருநாள் கோயில் திடலில் என்னைப் பார்த்தவர், “வாத்தியாரே, அவன அடிக்காதீங்கன்னு மகன்கிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க. அவன் டிவிகிட்ட மூக்க ஒட்டிக்கிட்டுத்தான் உக்காருவான். நேத்து எதுக்க நான் நின்னு கையாட்டுறேன், என்னயத் தாண்டிப் போறான். கொரல் குடுத்த பொறவுதான் திரும்புனான். புள்ளைக்குக் கண்ணுல என்னமோ கோளாறு” என்றார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஓர் அட்டையில் ஆங்கில ‘ஈ’ எழுத்தை மையால் எழுதினேன். ஆறு மீட்டர் தூரத்தில் பிடித்து, எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டச் சொன்னேன். அவன் வெகுநேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பிறகு, “சார், அட்டைல ஏதாச்சும் எழுதியிருக்கா?” என்றான்.

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

நானே அவன் தந்தையோடு பட்டணத்துக்குப் போனேன். கண்ணைப் பரிசோதித்து, ஒரு வாரத்தில் கண்ணாடி வந்தது. கடை வாசலில் அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவன், எதிர் வரிசைக் கட்டடத்தின் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான். “அப்பா, கூரையில வரிசையா ஆணி அடிச்சிருக்கு” என்றான். அவன் தந்தை என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அடித்தவர் அவர், அடிக்க வைத்தவன் நான். இருவருமே பேசவில்லை. கோப்பிக் கடைக்குப் போய் அவனுக்கு ஒரு மைலோ வாங்கிக் கொடுத்தோம்.

இதைத்தான் அன்று அந்த மாடியில் சொன்னேன். சொல்லி முடித்தபோது மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து, “ஆசிரியரே, உங்கள் பள்ளியில் இதுபோல் இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். நான், “தெரியாது” என்றேன். ஒரு பிள்ளையிடம் பாடம் படித்த பிறகும் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வரவில்லையே என்று அந்த இடத்திலேயே தலைகுனிந்தேன்.

“அப்படியானால் எண்ணிப் பார்த்துவிடலாம்” என்றார் தலைவர். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நம் வழக்கறிஞர் என் தோளைத் தொட்டு, “நானும் லயத்து வீட்டில் பிறந்தவன்தான் வாத்தியார். நாலாம் படிவம் வரைக்கும் பின் வரிசை. முப்பது அடிக்கு அப்பால் இருப்பது மனிதனா மரமா என்று தெரியாது” என்றார். அவர் கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

அடுத்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சங்கத்தார் பன்னிரண்டு பேர் பள்ளிக்கு வந்தார்கள். கரும்பலகையில் பரிசோதனை அட்டையை மாட்டி, தரையில் கோடு போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சோதித்தார்கள். பதினொரு பிள்ளைகள் சரியாகப் பார்க்கவில்லை. மறு பரிசோதனையில் ஒன்பது பேருக்குக் கண்ணாடி வேண்டும் என்று தெரிந்தது. ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு கண் நன்றாகவும் மறு கண் மிகக் குறைவாகவும் இருந்தது; அவளை மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஒன்பது கண்ணாடிகளும் இலவசமாகவே வந்து சேர்ந்தன.

இத்தோடு கட்டுரையை முடித்துவிட்டால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தேன். ஒன்பது கண்ணாடிகளில் வகுப்புக்கு வந்தவை நான்கு. மற்ற ஐந்தும் எங்கே என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒன்று அலமாரியில் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. “ஒடச்சிடுவான் சார். தீபாவளிக்குப் போடட்டும்னு வச்சிருக்கேன்” என்றார் தாய். இன்னொன்றின் கால் உடைந்து கிடந்தது. மூன்றாவது பையனை மற்றப் பிள்ளைகள் ‘நாலு கண்ணா’ என்று கேலி செய்ததால், அவனே அதைப் பைக்குள் ஒளித்துவிட்டான். நான்காவது வீட்டில், கண்ணாடி போட்டால் இருக்கிற பார்வையும் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது ஒரு பெண்பிள்ளை. “பொட்டப்புள்ள சார், இப்பவே கண்ணாடி போட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவா?” என்றார் அவள் தாய். பிள்ளைக்கு வயது ஒன்பது.

தாய்மார்களே, நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றரை ஆண்டு குருடனாக இருந்த வாத்தியார், உங்களைக் கோபிக்க என்ன தகுதி உடையவன்? ஆனால் ஒன்றை மட்டும் சொல்வேன். பட்டணத்துக்காரர்கள் நம் வாசல் வரைக்கும் வருவார்கள். கண்ணாடி கொடுப்பார்கள். காலையில் எழுந்து பிள்ளையின் முகத்தில் அதை மாட்டிவிட அவர்கள் வர முடியாது. அது நம் வேலை. அதற்கும் முன்னால், பிள்ளைக்கு என்ன குறை என்று கண்டு சொல்வதும் நம் வேலைதான். சொல்லாத குறைக்கு யாரும் மருந்து கொண்டுவர மாட்டார்கள். அந்தப் பாட்டி சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாது. நான் சொல்லாவிட்டால் சங்கத்துக்குத் தெரியாது.

ஆகையால் சில விவரங்களைக் கீழே எழுதுகிறேன். தாளை வெட்டி, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டாலும் சரி.

பிள்ளை டிவிக்கு மிக அருகில் போய் உட்காருகிறதா? புத்தகத்தை மூக்குக்கு அருகில் பிடிக்கிறதா? தூரத்தில் வருபவரை அடையாளம் தெரியாமல் விழிக்கிறதா? கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துப் பார்க்கிறதா? அடிக்கடி தலைவலி என்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஈ’ ஒன்றை, உயரமும் அகலமும் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் இருக்கும்படி தடித்த கோடுகளாக எழுதுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் ஆறு மீட்டர் தள்ளிப் பிள்ளையை நிறுத்துங்கள். பெரியவர் நடையில் அது ஏறக்குறைய எட்டு எட்டு. ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லுங்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, எழுத்தின் மூன்று கால்களும் மேலே பார்க்கின்றனவா, கீழே பார்க்கின்றனவா, எந்தப் பக்கம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணையும் அதேபோல் சோதியுங்கள். எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளைகூட இதைச் செய்யும். நாலைந்து முறையில் தடுமாறினால் சுகாதார நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள். சரியாகச் சொன்னாலும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் கொண்டு செல்லுங்கள். இது மருத்துவரின் சோதனைக்கு ஈடாகாது.

ஒரு கண் மட்டும் குறைவாக இருக்கும் பிள்ளைகளிடம் அதிகக் கவனம் வேண்டும். நல்ல கண்ணே எல்லா வேலையையும் செய்துவிடுவதால் வெளியே தெரியாது. குறைந்த கண்ணைப் பயன்படுத்தப் பழக்காமல் விட்டால், மூளை அதைக் கைவிட்டுவிடும். இதைச் ‘சோம்பல் கண்’ என்கிறார்கள். ஏழு எட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். பிந்தப் பிந்தக் கடினம்.

கண்ணாடி போட்டால் பார்வை கெடும் என்பது தவறு. வளரும் வயதில் கண் தானாக மாறுகிறது. அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, வேண்டுமானால் கண்ணாடியை மாற்ற வேண்டும். இன்னொன்று: தினமும் வெளிச்சத்தில், திறந்த வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் திடலுக்கு விரட்டுங்கள். தோட்டத்தில் இன்னும் வெயிலுக்கும் இடத்துக்கும் பஞ்சமில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். 2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இனிப்புநீர் கண்ணின் உட்திரையைச் சத்தமில்லாமல் அரிக்கும். பார்வை மங்கிய பிறகு ஓடுவதைவிட, ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பேரப்பிள்ளையின் கண்ணைக் கண்டுபிடிக்கப் பாட்டிக்கும் கண் வேண்டுமல்லவா?

இனி முடிக்கிறேன். சென்ற மாதம் சங்கத்தார் மறுபடியும் வந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை அவர்கள் வருவதற்கு முன்பே பெற்றோர் கூட்டம் போட்டோம். பேச நான் போகவில்லை. அந்தப் பாட்டியைத்தான் பேசச் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, நான்கு வாக்கியம் பேசினார். நான் பதினைந்து நிமிடம் பேசியதைவிட அது நன்றாக வேலை செய்தது. ஒன்பது கண்ணாடிகளில் இப்போது எட்டு வகுப்புக்கு வருகின்றன. அந்த ஒன்பது வயதுப் பெண்பிள்ளையின் கண்ணாடியும் வருகிறது. மீதி ஒன்றுக்காக நான் இன்னும் ஒரு வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். அலமாரியில் கண்ணாடி வைத்திருக்கும் அந்தத் தாய் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

மின்விசிறிப் பட்டியலா? அதையும் பின்னர் கொடுத்தோம். ஆறு கேட்டதற்கு நான்கு வந்தது.

அந்தப் பையன் இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கிறான். இன்னும் உயர்ந்துவிட்டான். மற்றவர்களை மறைக்கிறான் என்று, என்னைக் கேட்டுக்கொண்டு அவனாகவே பின் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறான். பலகையில் நான் எழுதி முடிப்பதற்குள் அங்கிருந்தே படித்துவிடுகிறான். சென்ற வாரம் நான் ஒரு சொல்லில் ஒற்றெழுத்தை விட்டுவிட்டேன். “சார், ‘ப்’ போடல” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திருத்திக்கொண்டேன்.

இன்று மாலை வெயில் இறங்குவதற்குள், உங்கள் வீட்டுப் பிள்ளையை எட்டு எட்டுத் தள்ளி நிறுத்திப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.